எண்ணெயா, பூசுமருந்தா, இரத்தப் பரிசோதனையா?

தை மாதம் எனக்கு டெங்கு வந்தது. பங்குனி முடியும்போது தலைமயிர் கொட்டத் தொடங்கியது. சீப்பில், தலையணையில், பிள்ளையின் சட்டையில் என்று எங்கும் மயிர்தான். முற்றம் கூட்டினால் விளக்குமாற்றில் சுற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை விழுவது எல்லோருக்கும் உள்ளது. எனக்கு ஒவ்வொரு முழுக்குக்கும் ஒரு கைப்பிடி போனது.

மாங்குளத்தில் எங்கள் பக்கம் மயிர் கொட்டினால் முதல் பழி கிணற்றுத் தண்ணீருக்குத்தான். கேத்தலில் வெள்ளையாய்ப் படை கட்டும் தண்ணீர், சவர்க்காரம் நுரைக்காது. நானும் அதைத்தான் நம்பினேன். ஒரு நாள் விழுந்த மயிர் ஒன்றை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு முனையில் கடுகை விடச் சின்னதாய் ஒரு வெள்ளைக் குமிழ் இருந்தது. அது வேரிலிருந்து கழன்ற மயிர். தண்ணீர் மயிரைச் சொரசொரப்பாக்கி நடுவில் முறிக்கலாம், ஆனால் முறிந்த துண்டில் குமிழ் இராது. கொட்டுவதற்குக் காரணம் வெளியே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, என் முன்னால் இருந்தவை மூன்று வழிகள்.

எண்ணெயைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அம்மா செவ்வரத்தம் பூவும் கரிசலாங்கண்ணியும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சித் தந்தார். தேங்காய் எண்ணெய் மயிர்த்தண்டுக்குள் இறங்கி முறிவைக் குறைக்கும், தலைக்கும் இதமாக இருக்கும். வேரிலிருந்து கழன்று விழுவதை அது நிறுத்தவில்லை. இன்றும் வைக்கிறேன், அம்மாவின் கைக்காகவும்தான்.

அடுத்தது மினொக்சிடில். நான் பூசிப் பார்க்காத மருந்து இது, மச்சாளைப் பார்த்துத்தான் சொல்கிறேன். முதலில் இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரை அது. குடித்தவர்களுக்கு மயிர் வளர்ந்ததைக் கண்டுதான் பூசுமருந்தாக்கினார்கள். மச்சாளுக்கு என்னைப் போலத் திடீரென்று கொட்டவில்லை. நாலைந்து வருடமாக நடு வகிடு கொஞ்சம் கொஞ்சமாக அகன்று, முன்பக்கம் தோல் தெரியத் தொடங்கியது. நெற்றிக்கரை அப்படியே இருந்தது. அது பரம்பரையாய் வருகிற வகை. அதற்கு இந்த மருந்து உண்மையில் உதவுகிறது, அவளின் தலையே சாட்சி. 2 சதவீத மருந்தைக் காலையும் மாலையும் பூசினாள். முதல் சில வாரம் இன்னும் கூடக் கொட்டியது. பழைய மயிர் விழுந்து புதியது வரும் கட்டம் அது என்று தெரியாமல் எனக்குப் போன் எடுத்து அழுதாள். ஐந்தாம் மாதம்தான் வித்தியாசம் தெரிந்தது. கன்னத்தோரம் மெல்லிய பூனைமயிரும் வந்தது.

என்னைப் பின்வாங்க வைத்தது அந்தப் பக்கவிளைவு இல்லை. இந்த மருந்துக்கு முடிவுத் தேதி கிடையாது. நிறுத்தினால் சில மாதங்களில் வளர்ந்தது எல்லாம் போய், பூசாமலே இருந்திருந்தால் எப்படி இருக்குமோ அந்த நிலைக்குத் தலை வந்துவிடும். எங்கள் இடத்தில் அதை யோசித்துப் பாருங்கள். ஒரு மாதம் கிளிநொச்சிப் பாமசியில் கிடைக்கும், அடுத்த மாதம் இராது, பிறகு வவுனியாவுக்கு பஸ் ஏறவேண்டும். காலையில் பூசிவிட்டு வயலுக்குப் போனால் வியர்வை, வந்ததும் கிணற்றடியில் முழுகவேண்டும். பூசிய மருந்து நாலு மணித்தியாலமாவது தலையில் இருக்கவேண்டும். காசை ஒருமுறை கொடுப்பது சுலபம், மாதாமாதம் கொடுப்பது வேறு கதை. மச்சாளின் புருசன் கடை வைத்திருக்கிறார், சமாளிக்கிறாள். எனக்கு முடியாது.

நான் மூன்றாவதைத் தெரிந்தேன், காரணத்தைத் தேடுவதை. கிளினிக்கில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "இரண்டு மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது?" கடுங்காய்ச்சல், பிரசவம், சத்திரசிகிச்சை, பட்டினி போட்டு மெலிவது, இவை வந்தால் வளர்ந்துகொண்டிருந்த மயிர்கள் கூட்டமாக ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக விழும். அப்புறம் ஹீமோகுளோபின், பெரிட்டின், தைரொயிட் மூன்றும் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9.8. பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. பெரிட்டினும், அதாவது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பும், அடிமட்டத்தில் இருந்தது. தைரொயிட்டில் குறை இல்லை. மாதவிலக்கு எத்தனை நாள் போகிறது என்று கேட்டார். ஏழெட்டு நாள் போவதை நான் நோயாக நினைத்ததே இல்லை. அதற்கும் தனியாக மருந்து தந்தார்.

இரும்பு மாத்திரை கிளினிக்கில் இலவசம். மலம் கறுக்கும், கொஞ்சம் இறுகும். நான் பட்ட பாடு பிளேன்டீயால்தான். தேநீர் இரும்பை உடம்பில் சேர விடாது, காலையில் மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி இல்லாமல் இருப்பது பெரிய விரதம். மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு குடித்தேன். ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டிய பிறகும் சேமிப்பு நிறைய மேலும் மூன்று மாதம். அதோடு நிறுத்தச் சொன்னார்கள். எனக்கு இதில் பிடித்ததே அந்த நிறுத்தம்தான்.

ஆனால் பரிசோதிக்காமல் இந்த மாத்திரையை வாங்கிக் குடிக்காதீர்கள். பரம்பரையாய் வருகிற இரத்தக் குறையான தலசீமியாவின் கூறு உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகத்தான் காட்டும், அவர்களில் பலருக்கு இரும்பு தேவையே இல்லை. வட்டம் வட்டமாக உதிர்ந்தாலோ, தோல் எரிந்து பளபளத்தாலோ, அது வேறு நோய். அங்கே எண்ணெயும் மாத்திரையுமாய் நாளைக் கடத்தாமல் தோல் டொக்டரிடம் போங்கள், தழும்பு விழுந்த இடத்தில் மயிர் திரும்ப முளைக்காது.

ஆவணியில் என் நெற்றியோரம் விரல்நுனி நீளத்தில் குட்டி மயிர்கள் நிமிர்ந்து நின்றன. மாதத்துக்கு ஒரு சென்டிமீற்றர் அளவில்தான் வளரும், பின்னல் பழையபடி தடிக்க நாள் எடுக்கும். இரும்புதான் மீட்டதா என்று கேட்டால் அடித்துச் சொல்லமாட்டேன். காய்ச்சலால் கொட்டிய மயிர் பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகவே திரும்பும். ஆனால் இரண்டு வாளி தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கியது நின்றது, அது மாத்திரையால்தான்.

மச்சாள் இப்போது இரண்டாவது பிள்ளைக்கு யோசிக்கிறாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் மினொக்சிடில் பூசக்கூடாது. போன கிழமை வந்தபோது பாதிப் போத்தலை என் கையில் தந்து, "வைத்திரு, பிறகு வாங்குகிறேன்" என்றாள். காலாவதித் தேதியைப் பார்த்தேன், அவள் திரும்ப வாங்கும் வரைக்கும் இது நிற்காது.