மஞ்சள் உள்ளுறையும் பதினான்கு இலக்க ஜிஎஸ்டி எண்ணும்: சைக்கிள் உபகரணம் வாங்குவோர் கவனத்துக்கு

கடந்த தைப் பொங்கலுக்கு முந்தைய வாரம், ஓர் இணையக் கடையில் தலைக்கவசம், பிப் ஷார்ட்ஸ் (தோள்வார் வைத்த, உடம்போடு ஒட்டும் சைக்கிள் கால்சட்டை), ஜெர்சி, முன்விளக்கு என நான்கு பொருள்களை 8,949 ரூபாய்க்கு வாங்கினேன். பார்சல் வந்த அன்று மாலையே நான்கையும் கட்டில்மேல் பரப்பிப் படமெடுத்து, கோயம்புத்தூரில் எங்களோடு சைக்கிள் ஓட்டும் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். புதிதாக எது வாங்கினாலும் அங்கே படம் போடுவது எங்கள் வழக்கம். விலையைக் கேட்டவர்களுக்கு விலை சொன்னேன், கடையின் சுட்டியையும் கொடுத்தேன். என் பேச்சை நம்பி இருவர் அதே கடையில் வாங்கினார்கள். நான் அப்போது அந்தத் தலைக்கவசத்தை அணிந்து தெருமுனை வரைகூடப் போயிருக்கவில்லை. இந்தப் பதிவை எழுதுவதற்கு முதற்காரணம் எனக்கு நேர்ந்த பண நட்டமன்று, அந்தப் படம்தான்.

இத்தனையையும் ஒரே நேரத்தில் வாங்கியதற்குக் காரணம் இருந்தது. 300 கிலோமீட்டர் பிரெவே (நெடுந்தூர சைக்கிள் பயண நிகழ்வு) ஒன்றில் கலந்துகொள்ள விண்ணப்பித்திருந்தேன். அதை 20 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதால், என்னைப் போன்ற நிதான வேகக்காரர்கள் எப்படியும் பல மணி நேரம் இருட்டில் ஓட்டியாக வேண்டும். தலைக்கவசமும் முன்பின் விளக்குகளும் இல்லாமல் கிளம்பவே விடமாட்டார்கள். பழைய தலைக்கவசம் ஒருமுறை கீழே விழுந்து அடிபட்டிருந்தது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற பொருள் ஒரே ஓர் அடியைத் தாங்குவதற்காகத்தான் செய்யப்படுகிறது, நசுங்கிய பிறகு அது வெறும் தொப்பி. ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது.

கடையின் பக்கம் பார்க்க மிக நேர்த்தியாக இருந்தது. தலைக்கவசம் 3,490 ரூபாய், பிப் ஷார்ட்ஸ் 2,790, ஜெர்சி 1,250, விளக்கு 1,890. யுபிஐ வழியாகச் செலுத்தினால் மேலும் 5 சதவீதத் தள்ளுபடி. அந்த 471 ரூபாய்க்கு ஆசைப்பட்டு, எப்போதும் பயன்படுத்தும் கடன் அட்டையை விட்டுவிட்டு யுபிஐயில் செலுத்தினேன். பணம் செலுத்தும் திரையில் கடையின் பெயருக்குப் பதிலாக ஒரு தனிமனிதரின் பெயர் வந்தது. உரிமையாளராக இருப்பார் என்று நானே ஒரு சமாதானத்தைச் சொல்லிக்கொண்டு ரகசிய எண்ணை அழுத்தினேன். அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கியிடம் முறையிட்டுத் தொகையைத் திரும்பக் கேட்கும் ஒரு வழியாவது மிஞ்சியிருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

பண்டிகை நாள்களில் சைக்கிள் வெளியே எடுக்கப்படவில்லை. பொருள்கள் கைக்கு வந்த ஒன்பதாம் நாள், ஞாயிறு அதிகாலை, மூன்று பேராகப் பொள்ளாச்சி வழியே ஆழியாறு போய்த் திரும்பும் சுமார் 130 கிலோமீட்டர் பயணத்துக்குப் புதியவற்றை அணிந்து கிளம்பினேன். விடிந்து வெளிச்சம் வந்த சற்று நேரத்தில், எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த இளைஞர் பக்கவாட்டில் வந்து, மிகுந்த தயக்கத்தோடு, “அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க கடைசியா வாங்க” என்றார். குனிந்து ஓட்டும்போது ஷார்ட்ஸின் துணி இழுபட்டு, உள்ளே இருப்பது வெளியே தெரியும் அளவுக்கு மெலிந்துவிட்டது என்பதே அதன் பொருள். பிப் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை அணிவதில்லை என்பது சைக்கிள்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் அவர் தயக்கத்திலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். மீதித் தூரம் முழுவதும் நான் கடைசியாகவே வந்தேன்.

அந்தச் சங்கடமாவது சிரித்து மறக்கக்கூடியது. அதன் பேட், அதாவது உட்காரும் இடத்தில் உள்ளே தைத்திருக்கும் மெத்தை, தந்த தொல்லை அப்படிப்பட்டதன்று. நல்ல பேடில் உட்காரும் எலும்புகள் படும் இரண்டு இடங்களில் அடர்த்தியான நுரைப்பொருளும், ஓரங்களுக்குப் போகப் போக மெல்லியதும் வைத்து, உடம்பின் வளைவுக்கு ஏற்ப வார்த்திருப்பார்கள். எனக்கு வந்ததில் பாத்திரம் துலக்கும் பஞ்சைப் போல ஒரே கனத்தில் ஒரு துண்டு இருந்தது. விரலால் அழுத்தினால் அடித்துணி வரை போய் முட்டியது. அதைத் துணியோடு சேர்த்துத் தைத்த தையலோ, ஒவ்வொரு மிதிக்கும் தொடை உரசும் இடத்திலேயே வரப்பு போலப் புடைத்து நின்றது. ஆழியாற்றிலிருந்து திரும்பும் வழியில், பொள்ளாச்சியைத் தாண்டும் முன்பே என்னால் இருக்கையில் நேராக உட்கார முடியவில்லை. தோல் உரிந்து, புண் ஆறப் பத்து நாள்கள் ஆயின. பிரெவேயில் கலந்துகொள்ளும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

அதே பயணத்தில், பொள்ளாச்சித் தேநீர்க் கடையில், மூன்றாமவர் என் தலைக்கவசத்தை வாங்கிப் பார்த்தார். அதன் உட்புறத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை இருந்தது. அதுதான் நான் அந்தக் கவசத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே காரணம். ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் ஸ்டாக்ஹோம் கேடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உருவாக்கிய மிப்ஸ் என்னும் அமைப்பில் இப்படியொரு மஞ்சள் உறையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தலை சாய்வாகத் தரையில் மோதும்போது அந்த உறை 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நழுவிக்கொடுத்து, மூளைக்குப் போகும் சுழல்விசையைக் குறைக்கும். நண்பர் கவசத்தின் மேலோட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கை விரல்களால் உறையைத் திருகினார். அது அசையவே இல்லை. சூட்டுப் பசையை நான்கு இடங்களில் வைத்து ஒட்டியிருந்தார்கள். நழுவுவதற்காகவே இருக்க வேண்டிய பொருளை நழுவாமல் ஒட்டி, அந்த மஞ்சள் நிறத்துக்கு என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

அவர் அதோடு விடாமல் உட்புற மெத்தையைப் பிய்த்துப் பார்த்தபோது, கீழே ஒட்டியிருந்த சிறு தாளில், ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்பதைக் குறிக்கும் சிஇ என்ற இரண்டு எழுத்துகளும், அவற்றுக்குக் கீழே இஎன் 812 என்றும் அச்சிடப்பட்டிருந்தன. கடையின் பக்கத்தில் ‘சிஇ சான்று பெற்றது’ என்று எழுதியிருந்ததை நான் படித்திருந்தேன், அதனால்தான் ஐயமே எழவில்லை. ஆனால் சிஇ என்பதோடு எந்தத் தரநிலை எண் வருகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சைக்கிள் தலைக்கவசத்துக்கு ஐரோப்பாவில் இஎன் 1078 என்று இருக்க வேண்டும். அந்தச் சோதனையில், போலித் தலையை உள்ளே வைத்துக் கவசத்தை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின்மேல் விழச்செய்வார்கள், தலைக்குப் போகும் அதிர்வு 250 ஜியை, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 250 மடங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவின் சிபிஎஸ்சி தரநிலையில் உயரம் 2 மீட்டர், எல்லை 300 ஜி. இஎன் 812 என்பதோ தொழிற்சாலையிலும் கிடங்கிலும் வேலை செய்பவர்கள் தாழ்வான குழாயிலோ உத்தரத்திலோ தலையை இடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக அணியும் தொப்பிக்கு உரியது. மேலிருந்து ஒரு பொருள் தலையில் விழுந்தால் தாங்கும் என்றுகூட அந்தத் தரநிலை சொல்வதில்லை. வேகமாக ஓடும் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்படும் தலைக்கு அது எந்த உறுதியும் தராது.

கவனித்துப் பாருங்கள், விற்றவர் எழுதிய வாசகத்தில் நேரடிப் பொய் ஒன்றுகூட இல்லை. எதற்கான சான்று என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து விற்பனை விதிகளைப் படித்தேன். ஏழு நாள்களுக்குள், தொங்கும் அட்டை அகற்றப்படாமல் இருந்தால் மட்டுமே திரும்பப் பெறுவோம் என்று இருந்தது. தாடைக்குக் கீழே மாட்டும் கன்னவாரில் கோத்திருந்த அந்த அட்டையை வெட்டாமல் கவசத்தை ஒழுங்காக மாட்டவே முடியாது. மாட்டிப் பார்த்தால் அட்டை போயிற்று, மாட்டாமல் வைத்திருந்தால் நாள் போயிற்று.

ஷார்ட்ஸ் விஷயத்தில் நான் செய்த பிழையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனர் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருப்பவர். அடுத்த வாரம் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கியதுமே உள்ளே திருப்பித் தையலைப் பார்த்தார். உடம்போடு ஒட்டி உரசும் உடையில் தட்டையாகப் படியும் பிளாட்லாக் தையல் போட வேண்டிய இடங்களில், சாதாரண ஓவர்லாக் ஓட்டியிருப்பதைக் காட்டினார். துணியைக் குறுக்காக இழுத்துவிட்டபோது அது பழைய நிலைக்குத் திரும்பாமல் அலையலையாக நின்றது. “இது சைக்கிள் ஓட்டறதுக்கான துணியே இல்லீங்க மாமா, மலிவான டிராக் பேன்ட்டுக்குப் போடறதுங்க” என்றார். பிறகு ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) அளக்கும் கட்டரை வைத்துத் தொடைப் பகுதியில் நூறு சதுர சென்டிமீட்டர் வட்டமாக ஒரு துண்டை வெட்டி எடையிட்டார். 1.5 கிராம். நூறால் பெருக்கினால் 150 ஜிஎஸ்எம். கடையின் பக்கத்தில் 220 என்று போட்டிருந்தார்கள். ஆதாரம் கிடைத்துவிட்ட பெருமையோடு அந்த வட்டத் துண்டையும் சேர்த்துப் படமெடுத்துக் கடைக்கு அனுப்பினேன். அவர்கள் உடனே, வாடிக்கையாளர் பொருளை வெட்டிச் சேதப்படுத்திவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்று பதில் எழுதினார்கள். அதற்கு முன் நான் அனுப்பிய மூன்று அஞ்சல்களுக்குப் பதிலே வராத இடத்திலிருந்து, இதற்கு மட்டும் பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

முன்விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே 18650 வகை மின்கலம் ஒன்று, அதன்மேல் கொள்ளளவு 9900 எம்ஏஎச் என்று அச்சு. பெயர்பெற்ற நிறுவனங்கள் செய்யும் அந்த அளவு மின்கலங்களே 3500 எம்ஏஎச் அளவில்தான் இருக்கின்றன என்பதால், இந்த எண்ணைக் கண்டதுமே நான் விலகியிருக்க வேண்டும். வீட்டில் எரியவிட்டுப் பார்த்தேன், முழு வெளிச்சத்தில் ஐம்பது நிமிடத்துக்குமேல் தாங்கவில்லை. ஜெர்சி மட்டும் குறையில்லாமல் இருந்தது. இப்போதும் அதை அணிகிறேன்.

முறையிடத் தொடங்கியபோதுதான் ரசீதைக் கூர்ந்து பார்த்தேன். ஜிஎஸ்டி எண் என்பது 15 இலக்கங்கள் கொண்டது. முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் நிறுவனத்தின் அல்லது உரிமையாளரின் பான் எண். என் ரசீதில் இருந்த எண் 33 என்று ஒழுங்காகத் தொடங்கி, 14 இலக்கங்களோடு நின்றுபோயிருந்தது. ஜிஎஸ்டி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி எண்ணை இட்டுப் பதிவு பெற்ற பெயரைப் பார்க்கலாம், இதை இட்டால் எண்ணே செல்லாது என்று வந்தது. ரசீதில் பிராண்டின் பெயரும் இல்லை, ‘சைக்கிள் உதிரி’ என்று மட்டும் எழுதியிருந்தது. பெட்டியின்மேல் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், அதிகபட்ச சில்லறை விலை எதுவுமே அச்சிடப்படவில்லை. இவை அனைத்தும் பார்சலைப் பிரித்த அன்றே, படமெடுப்பதற்கு முன்பே, என் கண்முன்னே இருந்தவை.

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இந்த விதிகளைக் குறிப்பிட்டு எழுதியதற்கு, அடுத்த கொள்முதலில் 30 சதவீதம் தள்ளுபடி தரும் கூப்பன் ஒன்றை அனுப்பினார்கள். அதன் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்தேன். தமிழிலேயே பேச முடிகிறது, புகார் எண்ணும் தருகிறார்கள். மூன்றாம் வாரத்தில் கடையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தலைக்கவசத்துக்கான 3,490 ரூபாயைத் திருப்பித் தருவதாகவும், மற்றவற்றைப் பற்றி எங்கும் எழுதாமல் இருந்தால் நல்லது என்றும் சொன்னார். பணத்தைப் பெற்றுக்கொண்டேன், பின்னதற்கு எந்த ஒப்புதலும் தரவில்லை. தர மறுத்ததற்கு இந்தப் பதிவே சான்று.

ஷார்ட்ஸுக்கும் விளக்குக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. கடை எங்கே இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம், இணையவழியிலும் பதியலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. நான் வெட்டிய அந்த வட்டத் துண்டு எனக்கு ஆதரவாக நிற்குமா எதிராக நிற்குமா என்பதைப் பார்க்க வேண்டும். இதே நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து பொருளை வெட்டாதீர்கள், பிரிக்கும்போதே காணொளி எடுத்துக்கொள்ளுங்கள், கடையின் பக்கத்தில் இருக்கும் விளம்பர வாசகத்தை அன்றே படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். நான் வாங்கிய தலைக்கவசத்தின் பக்கம் இப்போது அந்தக் கடையில் இல்லை, வேறு பெயரில் வேறு நிறத்தில் அதே வடிவம் விற்பனையில் இருக்கிறது.

என் படத்தைப் பார்த்து வாங்கிய இருவரில் ஒருவர் இந்தச் செய்தி கேட்டு, ஏழு நாள் கெடுவுக்குள் பார்சலைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிப் பணத்தைப் பெற்றுவிட்டார். மற்றவர் தன் பத்தாம் வகுப்பு மகனுக்காக வாங்கியிருந்தார். அவரிடம் நேரில் போய், மெத்தையைப் பிரித்து அந்தத் தாளைக் காட்டினேன். மறுநாள் என் பழைய கடைக்காரரிடம் இஎன் 1078 என்று அச்சிட்ட ஒன்றை வாங்கி அவன் கையில் கொடுத்தேன்.

என்னுடையதைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை என்று அந்த இணையக் கடையிலிருந்து சொல்லிவிட்டதால் அது பரணில் கிடந்தது. குப்பையில் போட்டால், பார்க்கப் புதிதாக இருக்கிறதே என்று யாராவது எடுத்து அணிந்துகொள்வார்கள் என்று தோன்றியது. நேற்றுக் காலை கன்னவார்கள் இரண்டையும் அடியோடு அறுத்து, கவசத்தைச் சுத்தியலால் இரண்டாக உடைத்த பிறகே வெளியே வைத்தேன். ஒட்டியிருந்த மஞ்சள் உறை அப்போதும் கழன்று வரவில்லை.