கேட்டலாக் கொடுத்து விற்பவருக்கு ஸ்டார்ட்டர் கிட் எவ்வளவு தூரம் உதவும்?

நேரடி விற்பனையில் புதிதாகச் சேருபவர் கைக்கு முதலில் வருவது ஸ்டார்ட்டர் கிட். அழகு சாதனமோ சமையலறைப் பாத்திரமோ, பெட்டிக்குள் இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். முழு அளவுப் பொருட்கள் நாலைந்து, சாம்பிள் பாக்கெட்டுகள், பத்து கேட்டலாக், ஒரு ஆர்டர் புத்தகம், டெமோ செய்வது எப்படி என்று ஒரு கையேடு. பிரித்துப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்: பத்துப் பேரை உட்காரவைத்து, நடுவில் நின்று பேசி விற்கும் ஆளை நினைத்துத்தான் இதை அடுக்கியிருக்கிறார்கள். ‘எனக்குக் கூட்டத்துல பேச வராதுங்க, புத்தகத்தைக் கொடுத்துட்டு அப்புறமா வந்து ஆர்டர் வாங்கிக்கிறேன்’ என்று சொல்லிச் சேருபவருக்கு இதில் பாதிதான் பயன்படும். அந்தப் பாதி எது, மீதியை எப்படி ஈடுகட்டுவது என்பதே இந்த விமர்சனம்.

கேட்டலாக் வழி விற்பதைச் சோம்பேறி வேலை என்று நினைக்கும் அப்லைன்கள் (புதியவரைச் சேர்த்துவிட்டு வழிகாட்டும் மூத்த விற்பனையாளர்கள்) நிறைய. அது தப்பு. இன்றைய அழகு சாதன நிறுவனம் ஏவான் 1886-இல் வேறு பெயரில் தொடங்கியபோதே வீடு வீடாகப் போய் விற்பதுதான் அதன் வழி. வரவேற்பறையில் ஆட்களைக் கூட்டி விற்கும் பார்ட்டி முறை பிற்பாடுதான் பெரிதாயிற்று. டப்பர்வேர் 1951-இல் கடைகளிலிருந்து பொருளை எடுத்துவிட்டு முழுக்க அந்த வழிக்கே போனது. இரண்டும் சம அந்தஸ்துள்ள முறைகள். கிட்டுகளிலும் பயிற்சிகளிலும் மட்டும் பார்ட்டியின் வாடைதான் தூக்கலாக அடிக்கிறது.

முதலில் கேட்டலாக் எண்ணிக்கை. பத்து என்பது குறைவு, ஆனால் நினைக்கும் அளவுக்கு மோசமில்லை. ஒரு கேட்டலாக்கின் விற்பனைக் காலம் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்வோம். கடைசி இரண்டு நாள் ஆர்டரைச் சரிபார்த்து ஏற்றுவதற்குப் போய்விடும். மிச்சம் 12 நாள். ஒரு வீட்டில் மூன்று நாள் விட்டு, திரும்ப வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் நான்கு சுற்று வரும். பத்துப் புத்தகம் 40 வீடுகளைப் பார்த்துவிடும். திரும்ப வாங்காவிட்டால் அதே பத்து, பத்து வீட்டோடு நின்றுவிடும். புதியவர் ‘புத்தகம் பத்தலை’ என்று சொன்னால் உடனே இன்னொரு கட்டு வாங்கச் சொல்லாமல், கொடுத்த புத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்க வேண்டும். பாதிக்கு மேல் பதில் இருக்காது. தொடங்குபவருக்கு 20 போதும். 50, 100 என்று கட்டுக் கட்டாக வாங்கவைத்தால், காலம் முடிந்த புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில்தான் சேரும்.

செலவுக் கணக்கையும் எந்தக் கையேடும் போட்டுக் காட்டுவதில்லை. ஒரு கேட்டலாக்கின் விலை 20, விற்பனையில் கமிஷன் 20 விழுக்காடு என்றால், 100-க்கு விற்றால்தான் அந்த ஒரு புத்தகத்தின் காசு திரும்பும். புத்தகம் நான்கு வீடு சுற்றினால், ஒவ்வொரு வீட்டின் தலையிலும் விழுவது 5 மட்டும். டெலிவரிக் கட்டணம், குறைந்தபட்ச ஆர்டர் தொகை இரண்டையும் இதோடு சேர்த்துப் பார்த்த பிறகே லாபம் என்று பேச வேண்டும்.

கிட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய, ஆனால் பெரும்பாலும் இல்லாத பொருள் ஸ்டிக்கர். ரப்பர் ஸ்டாம்ப் கொடுப்பவர்கள் உண்டு. வழவழப்பான அட்டையில் அந்த மை காயாது, விரல் பட்டதும் இழுத்துக்கொண்டு போகும். பெயர், போன் நம்பர், ‘புத்தகம் வாங்க வருவது: வியாழன் மாலை’ என்ற மூன்றும் உள்ள ஸ்டிக்கரை முன் அட்டையில் ஒட்ட வேண்டும். புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பவர் குறைவு, ஆகவே பின் அட்டையில் ஒட்டினால் கண்ணில் படாது. உள்ளே ஆர்டர் தாளிலும் ஒன்று ஒட்டவேண்டும், தாள் கிழிந்து தனியாகப் போனால் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் போகும். கூடவே ஒளி ஊடுருவும் கவர், ஒரு பேனா. பேனா தேடி எழுந்து போனவர் திரும்பி வந்து ஆர்டர் எழுதுவது அபூர்வம்.

ஆர்டர் புத்தகம் பரவாயில்லை. நகல் தாள் இருப்பது நல்லது; ஒன்று வாடிக்கையாளருக்கு, ஒன்று விற்பவருக்கு. குறை எங்கே என்றால் பக்க எண், பொருள் குறியீடு என்ற இரண்டு கட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அகலத்தில் இருக்கின்றன. அவசரத்தில் பக்க எண்ணைக் குறியீட்டுக் கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். நிறம் பல உள்ள பொருளுக்கு நிறத்தின் எண் விட்டுப்போகிறது. பழைய புத்தகத்தைப் பார்த்துச் சொன்ன விலை பில்லில் கூடுகிறது. மூன்றுக்கும் ஒரே மருந்துதான்: வாங்கிய இடத்திலேயே குறியீடு, நிறம், அளவு, எண்ணிக்கை, விலை என்ற வரிசையில் வாய்விட்டு வாசித்துக் காட்டுவது. புதியவர் கூச்ச சுபாவம் உள்ளவராக இருந்தாலும் இதற்குப் பேச்சுத் திறமை தேவையில்லை, எழுதியதை வாசித்தால் போதும்.

கையேட்டுக்கு வருவோம். இருபது பக்கம் டெமோவுக்குச் செலவழித்தவர்கள், புத்தகத்தைத் திரும்ப வாங்கப் போகும்போது என்ன பேசுவது என்பதற்கு ஒரு வரி தரவில்லை. கேட்டலாக் விற்பனையின் உயிரே அந்த இரண்டாவது வருகைதான். ‘புத்தகம் பார்த்தீங்களா?’ என்று கேட்டால் ‘இன்னும் இல்லீங்க, இருக்கட்டும்’ என்று வரும். புத்தகமும் போச்சு, ஆர்டரும் போச்சு. ‘புத்தகத்தை எடுத்துட்டுப் போக வந்தேன், இன்னொருத்தங்க கேட்டிருக்காங்க. நீங்க பிடிச்சிருக்குன்னு சொன்ன பன்னிரண்டாம் பக்கத்து க்ரீமை எழுதிக்கட்டுமா?’ என்று கேட்டால் பதில் ஆம் என்றோ இல்லை என்றோ தெளிவாக வரும். இதற்கு முதல் வருகையிலேயே ஒரு வேலை இருக்கிறது: அவர் எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தார் என்று கவனித்து அங்கே ஒரு துண்டுச் சீட்டைச் செருகிவிட்டு வருவது. சாம்பிளையும் அந்தப் பொருளுக்கு மட்டும் கொடுத்தால் போதும். எல்லாருக்கும் வாரி இறைத்தால் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும்.

டிஜிட்டல் கேட்டலாக் பெரும்பாலும் கிட்டோடு இலவசமாக வருகிறது. முழுப் பிடிஎஃப்பையும் அனுப்பினால் டவுன்லோடு ஆகக் காத்திருந்து பார்ப்பவர் குறைவு. இரண்டு மூன்று பக்கங்களை மட்டும், விலையும் குறியீடும் தெரியும்படி படமாக அனுப்புவது மேல். விற்பவருக்கென்று தனி லிங்க் இருந்தால் அதைத்தான் அனுப்ப வேண்டும். பொது லிங்க் வழியாக வரும் ஆர்டருக்குக் கமிஷன் அவர் கணக்கில் ஏறாமல் போகலாம். அச்சுப் புத்தகத்துக்கு இது மாற்று இல்லை, ஞாபகப்படுத்தும் கருவி.

அப்லைன் தரும் உதவிதான் இந்தச் சேவையிலேயே ஏற்ற இறக்கம் அதிகமுள்ள பகுதி. நல்ல அப்லைன் ஆர்டர் மூடும் தேதிக்கு மூன்று நாள் முன்னால் போன் செய்வார். மோசமானவர் மூடிய மறுநாள் ‘எவ்வளவு ஆச்சு?’ என்று கேட்பார். கூடப் போவதென்றால் புத்தகம் கொடுக்கப் போகும் சுற்றுக்கு வேண்டாம், திரும்ப வாங்கும் சுற்றுக்குப் போக வேண்டும். இடறுவது அங்கேதான். முதல் மாதத்திலேயே ‘ஒரு பார்ட்டி வைங்க’ என்று நெருக்கினால் அமைதியானவர்கள் போன் எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு ஏற்ற நடுவழி கேட்டலாக் பார்ட்டி: தெரிந்தவர் ஒருவர் புத்தகத்தைத் தன் அலுவலகத்தில் ஒரு வாரம் வைத்து ஆர்டர் சேர்த்துத் தருவார், பதிலுக்குத் தள்ளுபடியோ ஒரு பொருளோ கிடைக்கும். மேடைப் பேச்சு கிடையாது. இதைச் சொல்லித்தரும் பயிற்சிக்குத் தாராளமாக மதிப்பெண் தரலாம்.

கிட்டைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்றாக விற்றால் கேட்டலாக் விற்பனையாளர் சிறியதையே வாங்கி, கூடுதல் புத்தகங்களைத் தனியாகக் கேட்பது நல்லது. பெரிய கிட்டில் கூடுவது டெமோப் பொருட்கள்தான். புத்தகம் தனியாகக் கிடைக்காது, பெரிய கிட்டை எடுத்தால்தான் உண்டு என்றால் யோசிக்க வேண்டும். பணம் கட்டும் முன் திரும்பப் பெறும் விதியை எழுத்தில் கேளுங்கள். உலக நேரடி விற்பனைச் சங்கங்களின் கூட்டமைப்பு வகுத்த நடத்தை விதிப்படி, விலகுபவர் முந்தைய 12 மாதங்களில் வாங்கி, மறுபடி விற்கும் நிலையில் வைத்திருக்கும் சரக்கை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். கையாளும் செலவாக 10 விழுக்காடு வரை கழிக்கலாம். காலம் முடிந்த கேட்டலாக்கை மறுபடி விற்கும் நிலையில் உள்ள சரக்கு என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆகவே அந்தச் செலவு திரும்பாது என்றே கணக்குப் போடுங்கள்.