சி மொழி கற்க எந்த நூல்: கெர்னிகன்–ரிச்சியா, கிங்கா?

சி என்ற புரோகிராமிங் மொழிக்கு ஒரு நூல் சொல்லுங்கள் என்று கேட்டால், பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய ‘தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்’ என்ற பதிலே பெரும்பாலும் முதலில் வரும். மொழியை உருவாக்கிய ரிச்சியே எழுதிய, 1978-இல் வெளிவந்து 1988-இல் இரண்டாம் பதிப்பு கண்ட அந்நூலின் தகுதியில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும், புரோகிராமிங்கையே புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது கே. என். கிங் எழுதிய ‘சி புரோகிராமிங்: எ மாடர்ன் அப்ரோச்’ நூலின் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பைத்தான்.

காரணம், நினைவகத்தில் ஒரு மதிப்பு இருக்கும் முகவரியைக் கொண்டிருக்கும் பாயிண்டரைப் பற்றிய பகுதியில் விளங்கும். கெர்னிகன்–ரிச்சியின் ஐந்தாம் அத்தியாயத்தில், ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) நகலெடுக்கும் ஒரு ஃபங்ஷன் (குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் பகுதி) முதலில் அர்ரே (ஒரே வகை மதிப்புகளின் வரிசை) வடிவில் எழுதப்பட்டு, பின்னர் பாயிண்டருக்கு மாறி, படிப்படியாகச் சுருங்கி, உள்ளே எந்தக் கட்டளையும் இல்லாத ஒரே ஒரு வைல் லூப்பாக (நிபந்தனை பொருந்தும்வரை திரும்பத் திரும்ப இயங்கும் அமைப்பாக) முடிகிறது. எழுத்தை நகலெடுப்பது, இரு பாயிண்டர்களையும் நகர்த்துவது, முடிவு வந்ததா என்று பார்ப்பது ஆகிய மூன்று வேலைகளும் அந்த லூப்பின் நிபந்தனைக்குள்ளேயே நடந்துவிடுகின்றன. சி மொழியில் சிந்திப்பது எப்படி என்பதை இவ்வளவு குறைந்த இடத்தில் காட்டிய வேறு பக்கங்களை நான் படித்ததில்லை. ஆனால், மதிப்பைப் பதிவு செய்யும் செயலே ஒரு மதிப்பையும் தரும் என்பது மனத்தில் பதியாதவர் அந்த வரியைத் தாண்ட மாட்டார்.

கிங் இதே பொருளை மூன்று அத்தியாயங்களாகப் பிரிக்கிறார்: பாயிண்டர் தனியே, அர்ரேயுடன் அதன் உறவு தனியே, டைனமிக் மெமரி (புரோகிராம் இயங்கும்போதே நினைவகம் ஒதுக்குவது) முதலியவை பின்னால் தனியே. பாயிண்டர் எதைக் குறிக்கிறது என்பதைக் கட்டங்களும் அம்புக்குறிகளும் காட்டுகின்றன. அத்தியாய இறுதியில் வரும் கேள்வி–பதில் பகுதியோ, ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்படும் ஐயங்களைக்கூட எடுத்துத் தீர்க்கிறது. தானே படிப்பவருக்கு இதற்காகவே இந்நூலை வாங்கலாம்.

காலப் பழமையும் கணக்கில் கொள்ளத்தக்கது. கெர்னிகன்–ரிச்சியின் முதல் புரோகிராமில் மெயின் ஃபங்ஷனுக்கு முன், அது திருப்பித் தரும் மதிப்பின் வகை குறிக்கப்படவில்லை. சி மொழியின் விதிகளை வகுக்கும் அதிகாரபூர்வ ஆவணமான தரத்தின் 1999-ஆம் ஆண்டுப் பதிப்பு அதை அனுமதிப்பதில்லை. கிங் அந்தத் தரத்தை உள்ளடக்குகிறார், எனினும் 2011-ஆம் ஆண்டுத் தரத்தில் நீக்கப்பட்ட, உள்ளீட்டிலிருந்து ஒரு வரியைப் படிக்கும் கெட்ஸ் ஃபங்ஷன் இரு நூல்களிலும் இடம்பெறுகிறது. புதிய தரங்களுக்கு யென்ஸ் குஸ்டெட்டின் ‘மாடர்ன் சி’ உண்டு. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. முதல் நூலாகக் கொள்ள அது கடினம்.

வேறொரு மொழியில் ஏற்கெனவே பழகியவர் நேராக கெர்னிகன்–ரிச்சிக்குச் செல்லலாம். மற்றவர்கள் கிங்கை முடித்த பின்னராவது, மெமரி ஒதுக்கும் ஃபங்ஷனைத் தாமே கட்டிக்காட்டும் கெர்னிகன்–ரிச்சியின் எட்டாம் அத்தியாயத்தைப் பயிற்சிகளோடு செய்து பார்க்க வேண்டும்.