எடைக்கு எது: சிஎல்ஏ, எம்சிடி, மீன் எண்ணெய்

கொழுப்பைச் சாப்பிட்டே கொழுப்பைக் கரைக்கலாம் என்று விற்கப்படும் சரக்குகளில் இந்த மூன்றுக்குத்தான் பின்னால் ஓரளவு ஆராய்ச்சி இருக்கிறது. மூன்றும் கொழுப்புதான், ஆனால் உடம்புக்குள் போனதும் பார்க்கிற வேலை வேறு வேறு.

முதலில் சிஎல்ஏ, அதாவது கான்ஜுகேட்டட் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அசைபோடும் விலங்குகளின் பாலிலும் இறைச்சியிலும் கொஞ்சமாக இருக்கும்; கேப்சூலில் வருவதைப் பெரும்பாலும் குசும்பா எண்ணெயிலிருந்து தயாரிக்கிறார்கள். இதன் புகழுக்குக் காரணம் எலிகள். 1997-இல் வந்த ஓர் ஆய்வில், தீவனத்தில் 0.5 சதவீதம் கலந்து கொடுத்ததற்கே எலிகளின் உடல் கொழுப்பு பாதிக்கும் கீழே போனது. ஆனால் உடல் எடையோடு வைத்துக் கணக்குப் போட்டால், அந்த எலி தின்றது நாம் விழுங்குவதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். மனிதர்களிடம் நடந்த சோதனைகளை 2007-இல் தொகுத்துப் பார்த்தபோது, தினம் 3.2 கிராம் எடுத்தவர்களுக்கு வாரத்துக்குச் சுமார் 90 கிராம் கொழுப்புதான் கூடுதலாகக் குறைந்திருந்தது, அதுவும் ஆறு மாதத்துக்குப் பிறகு மந்தமாகிவிடுகிறது. இதைவிடக் கவலை தருவது வேறு: சிஎல்ஏவின் வடிவங்களில் கொழுப்பைக் குறைப்பதாகக் கருதப்படும் அதே ஒன்றைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த சோதனையில், பருமனான ஆண்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காத நிலை) கூடியது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவர் எடை குறைக்க இதை வாங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எம்சிடி (நடுத்தர நீளச் சங்கிலிக் கொழுப்பு) கொஞ்சம் நேர்மையான சரக்கு. எட்டு, பத்து கார்பன் நீளமுள்ள குட்டைக் கொழுப்பு அமிலங்கள். மற்ற கொழுப்பைப் போல நிணநீர் வழியாகச் சுற்றாமல், குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும், அதனால் கொழுப்புத் திசுவில் சேர்வது குறைவு, சிலருக்குப் பசியும் சற்று அடங்கும். சரி, எடை குறையுமா? சோதனைகளில் சராசரியாக அரை கிலோ, அதுவும் வழக்கமாகச் சேர்க்கும் எண்ணெய்க்குப் பதிலாக இதைச் சேர்த்தபோது. இந்தப் ‘பதிலாக’ என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. காபியில் ஒரு மேசைக்கரண்டி கூடுதலாக ஊற்றினால் அது 115 கலோரி கூடுதல், அவ்வளவுதான். அப்புறம், எடுத்த எடுப்பிலேயே அதிகமாக ஊற்றினால் வயிறு கலக்கிவிடும். ஒரு தேக்கரண்டியில் தொடங்குவது நல்லது. தேங்காய் எண்ணெயும் இதுவும் ஒன்று என்று சொல்வதை நம்ப வேண்டாம், அதில் பாதி லாரிக் அமிலம், அது பெரும்பாலும் நீண்ட கொழுப்பின் வழியிலேயே போகிறது.

மீன் எண்ணெய் எடையைக் குறைக்காது. குறைந்ததாகச் சொல்லும் சோதனைகளிலும் வித்தியாசம் பெயருக்குத்தான். ஆனால் பருமனோடு சேர்ந்தே வரும் ட்ரைகிளிசரைடை, அதாவது ரத்தத்தில் இருக்கும் கொழுப்பை, அது நிஜமாகவே இறக்குகிறது: தினம் 4 கிராம் அளவில், ட்ரைகிளிசரைடு அதிகமாக இருப்பவர்களுக்கு 20 முதல் 30 சதவீதம் வரை. இங்கேதான் லேபிளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்பக்கம் 1000 மி.கி. என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் இபிஏ 180, டிஎச்ஏ 120 (மீன் எண்ணெயில் வேலை செய்யும் ஒமேகா-3 கொழுப்புகள் இவை இரண்டும்தான்). ஆக, உருப்படியானது 300 மி.கி. மட்டுமே. மருத்துவர் சொல்லும் 4 கிராமைச் சாதாரண கேப்சூலில் எட்ட ஒரு நாளைக்குப் பத்துக்கும் மேல் விழுங்க வேண்டும்! அந்த அளவில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஆபத்தும் கூடுகிறது, ஆகவே இதை நீங்களாகவே ஆரம்பிக்காதீர்கள்.

என் ஓட்டு: ட்ரைகிளிசரைடு ஏறியிருந்தால் மருத்துவரிடம் கேட்டு மீன் எண்ணெய். சமையல் எண்ணெயைக் குறைத்து அந்த இடத்தில் சேர்க்கத் தயார் என்றால் எம்சிடி. சிஎல்ஏவுக்குக் காசு செலவழிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஒமேகாவும் சிஎல்ஏவும் கலந்து ஒரே கேப்சூலாக வருபவை இன்னும் மோசம், 1 கிராம் கேப்சூலுக்குள் இரண்டில் எதுவும் சோதனையில் கொடுத்த அளவின் பக்கத்தில்கூட வராது.