1,850 ரூபாய் சீரியல் செட்டும் கேட்டில் அடித்த ஷாக்கும்: வாங்கும் முன் படிக்கவும்

கார்த்திகைக்கு மாட்டலாம் என்று ஆன்லைனில் நாலு சீரியல் செட் வாங்கினேன். 1,850 ரூபாய். காசும் போச்சு, மாமியாருக்கு ஷாக்கும் அடித்தது.

எல்லார் போனிலும் இருக்கிற ஒரு ஷாப்பிங் ஆப், அதில் ஒரு விற்பனையாளர். பேர் வேண்டாம். '24 வோல்ட் அடாப்டர், தொட்டாலும் ஷாக் அடிக்காது, மழையில் நனையலாம்' என்று போட்டு, ஒரு குழந்தை விளக்கைக் கையில் சுற்றிக்கொண்டு சிரிக்கிற படமும் வைத்திருந்தார்கள். கீழே தமிழில் ஒரு விமர்சனம்: 'ஆம்பூர்ல இருந்து வாங்கினேன், மழையிலயே கிடக்குது, சூப்பர்.' நம்ம பக்கத்து ஆள் சொல்கிறாரே என்றுதான் பணம் கட்டினேன்.

பார்சலில் அடாப்டரைக் காணோம். பிளக், தீப்பெட்டி அளவு ஒரு பச்சை டப்பா, அவ்வளவுதான். உடனே சாட்டில் கேட்டேன். "புது மாடல் சார், அடாப்டர் அந்த டப்பாக்குள்ளயே இருக்கு" என்று பதில் வந்தது. எவ்வளவு கூசாமல் சொல்லியிருக்கிறார்கள்! அதை நம்பி வாசல் கேட்டில் சுற்றிவிட்டேன்.

தீபத்தன்று காட்பாடியில் தூறல். மாமியார் ஒரு கையில் அகலோடு இரும்புக் கேட்டைத் தொட்டதும் கை வெடுக்கென்று உதறியது. அகல் உடைந்து எண்ணெயெல்லாம் படியில். நல்லவேளை, உதறியதில் கை விட்டுவிட்டது. மெயின் போர்டில் தானாக விழுகிற எம்சிபி சுவிட்ச் விழவே இல்லை. விழாதாம், அது ஷார்ட்டுக்கும் ஓவர்லோடுக்கும்தான். ஆளைக் காப்பாற்ற, கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். எங்கள் வாடகை வீட்டில் அது கிடையாது.

தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் டப்பாவைப் பிரித்தார். உள்ளே நாலு டயோடு, ஒரு சின்ன ஐசி. "இன்னா சார், இதுல கரண்ட்ட கம்மி பண்ற ஐட்டமே இல்லியே. வீட்டு 230 வோல்ட்தான் நேரா ஒயர்ல ஓடுது." காந்தத்தை வைத்தால் ஒயர் ஒட்டிக்கொள்கிறது. செம்பே இல்லை, மேலே பூச்சு மட்டும், உள்ளே இரும்பு. பல்புக் காம்பில் தடவியிருந்த பசை விரிந்து தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்த இடம் கேட்டில் பட்டு, கேட் முழுக்கக் கரண்ட்.

1,850 ரூபாயைத் திருப்பிக் கேட்டால் விற்பனையாளர் "ஆப்பில் கேளுங்க" என்கிறார். ஆப்பில் "விற்பனையாளரிடம் பேசுங்க". அப்புறம் "பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், ரிட்டர்ன் இல்லை". ஷாக் அடித்தது என்றேன். "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள். ஆள் போயிருந்தாலும் அசௌகரியம்தானா? அடாப்டர் பற்றிய அந்தச் சாட்டைப் படமெடுத்து வைத்திருந்தேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் அதைச் சொல்லிப் புகார் பதிந்திருக்கிறேன்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. பெட்டியில் 'ஆர்' (R) என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். அரசின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் உண்மையா என்று தெரியும். இரும்புக் கேட், கிரில், தகரக் கூரை எதிலும் சுற்றாதீர்கள். கழற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். பழைய வீடுகளில் சுவிட்சைக் கரண்ட் வரும் ஒயரில் வைக்காமல் நியூட்ரல் ஒயரில் வைத்திருந்தால், அணைத்த பிறகும் ஒயரில் கரண்ட் இருக்கும்.