ஃபார்மட் ஆன ஹார்ட் டிஸ்க்குக்கு ஃபோட்டோரெக்: படம் வரும், பெயர் வராது

மேக்கில் ஓடிய டிஸ்க்கை விண்டோஸில் செருகினால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். ஆல்பம் டிசைனருக்குக் கொடுக்கும் அவசரத்தில் யாராவது ஆமாம் என்று அழுத்திவிட்டால், ஒரு சீசன் கல்யாணப் படங்கள் அதோடு போச்சு. கடையில் கொடுத்துப் பணம் கட்டுவதற்கு முன், புதுச்சேரி, கடலூர் பக்கம் ஸ்டுடியோ நடத்துபவர்கள் ஃபோட்டோரெக் என்ற ஃபைல் மீட்கும் மென்பொருளை ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது, முழுக்க இலவசம். அழிந்த பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) மீட்கும் டெஸ்ட்டிஸ்க்கும் கூடவே வரும்.

குயிக் ஃபார்மட் என்றால் நம்பிக்கை உண்டு. அது டிஸ்க்கின் அட்டவணையைத்தான் புதிதாக எழுதுகிறது. படங்கள் இருந்த இடத்திலேயே கிடக்கும். குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டுச் செய்திருந்தால், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதப்படுகிறது. பிறகு எந்த மென்பொருளாலும் பயனில்லை. எஸ்எஸ்டியிலும் டிரிம் (காலியான இடத்தைத் துடைக்கச் சொல்லும் கட்டளை) வேலை செய்திருந்தால் குயிக் ஃபார்மட்டே பெரும்பாலும் கதையை முடித்துவிடும்.

கவனம்: அந்த டிஸ்க்கில் இனி ஒரு ஃபைல்கூட எழுதக்கூடாது. மீட்கும் மென்பொருளை அதிலேயே இறக்கிவைப்பதுதான் பலர் செய்யும் தவறு. 1 டிபி டிஸ்க் என்றால் 1 டிபி காலியுள்ள வேறொரு டிஸ்க் கையில் இருக்கட்டும்.

ஃபோட்டோரெக் எழுத்து மட்டும் காட்டும் கறுப்புத் திரையில் ஓடும். அது பிடிக்காதவர்கள், மவுஸால் இயக்கும் அதன் பதிப்பான க்யூஃபோட்டோரெக்கைத் திறக்கலாம். டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் வகைகளில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஜேபிஜி, டிஃப், எம்ஓவி மூன்றை மட்டும் டிக் செய்யுங்கள். கேனானின் சிஆர்2, நிக்கானின் என்இஎஃப் இரண்டும் டிஃப் வகைக்குள்தான் வருகின்றன. இது தெரியாமல் ரா ஃபைல்களைக் கோட்டைவிடுகிறார்கள். எம்பி4 எம்ஓவிக்குள். எக்செல், வேர்ட் கணக்குகளும் வேண்டுமென்றால் டாக், ஜிப் இரண்டையும் சேர்க்கவேண்டும். ஃபார்மட் ஆன டிஸ்க்குக்குக் காலி இடத்தில் மட்டும் தேடும் 'ஃப்ரீ' வேண்டாம், முழுவதும் தேடும் 'ஹோல்' என்பதே சரி.

நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபி படிக்க மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் எட்டு மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போகிற ஊர் நம்முடையது. லேப்டாப் பேட்டரியில் ஓடினாலும், தனி அடாப்டர் உள்ள 3.5 அங்குல டிஸ்க் அணைந்துவிடும். அதையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள். கறுப்புத் திரைப் பதிப்பு விட்ட இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு தொடரவும் கேட்கும்.

இதன் பெரிய குறை: ஃபைலின் தலைப்பகுதியைப் பார்த்து அடையாளம் காண்பதால் பழைய பெயரும் ஃபோல்டரும் திரும்பாது. 'ரெகப் டிர்' என்று எண்ணிட்ட ஃபோல்டர்களில் ஐந்நூறு ஐந்நூறாகக் கொட்டும். 't' எழுத்தில் தொடங்கும் ஜேபிஜிக்கள் வெறும் சிறுபடங்கள்; அவற்றை முதலில் ஒதுக்குங்கள். மிச்சத்தை, படத்துக்குள் பதிந்த விவரங்களைப் படிக்கும் எக்சிஃப்டூல் என்ற மென்பொருள் படம் எடுத்த தேதிவாரியாகப் பிரித்துவிடும், முகூர்த்த நாள் தெரிந்தால் எந்த வீட்டுக் கல்யாணம் என்பதும் தெரிந்துவிடும். நீளமான வீடியோ டிஸ்க்கில் துண்டு துண்டாகப் பதிந்திருந்தால் திறக்காது.

பெயரோடு வேண்டுமென்றால் முதலில் டிஎம்டிஇ என்ற இன்னொரு மீட்பு மென்பொருளைப் பாருங்கள். என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான ஃபார்மட்) டிஸ்க்கில் மிஞ்சிய பழைய பதிவுகளைத் தேடி ஃபோல்டர்களைக் கட்டிக்காட்டும். இலவசப் பதிப்பில் ஒரு ஃபோல்டரிலிருந்து ஒரு தடவைக்கு 4,000 ஃபைல் வரை எடுக்கலாம். டெஸ்ட்டிஸ்க் பார்ட்டிஷன் அழிந்த டிஸ்க்குக்குத்தான் பொருந்தும். அதில் 'பி' அழுத்திப் பழைய ஃபைல்கள் தெரிந்தால் ஒழிய டிஸ்க்கில் எழுதும் 'ரைட்' (Write) பக்கம் போகாதீர்கள்.

படிக்கும்போது டிஸ்க் திணறினால் நேரடியாகத் தேடவேண்டாம். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு முழு நகல் எடுத்து, அந்த நகலின் மேல் ஃபோட்டோரெக்கை ஓட்டுங்கள். டிக் டிக் என்று சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள். தூசியில்லா அறை வைத்திருக்கும் இடத்துக்குத்தான் அது போகவேண்டும்.