பத்திரம் பதிந்ததும் நிலம் பிரிந்துவிடாது: ஊர் நிலத்தைப் பாகம் பிரிக்கப் போகும் சிங்கப்பூர்க்காரர்களுக்கு

அப்பா பெயரில் கிடக்கும் நிலத்தைப் பங்கு பிரிக்க லீவு போட்டு ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தை மட்டும் கணக்கில் வைத்து டிக்கெட் எடுக்கிறார்கள். பத்திரம் பதிந்ததும் திருச்சியில் விமானம் ஏறிவிடுகிறார்கள். பிறகு ஒருவர் தன் பங்கை விற்கப் போகும்போதுதான், பட்டா இன்னும் கூட்டுப் பட்டாவாகவே இருப்பதும் புலப்படத்தில், அதாவது நிலத்தின் எல்லையைக் காட்டும் அரசு வரைபடத்தில், ஒரு கோடுகூட விழாததும் தெரியவரும்.

பத்திரம் பதிவுத்துறைக்குச் சேர்ந்தது. பட்டாவும் புலப்படமும் வருவாய்த்துறை, நில அளவைத்துறை கையில் இருக்கின்றன. சிங்கப்பூரில் அளவையாளரின் படம் நில ஆணையத்துக்குப் போய் லாட் எண் விழுந்தால்தான் தனி உரிமை ஆவணம் வரும். ஊரிலோ பத்திரம் முன்னால் போய்விடுகிறது, படம் பின்னால் வருகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா மாறுதல் மனு தள்ளுபடி. சென்ற ஜூனில் தஞ்சைப் பக்கம் ஒரு நஞ்சையை மூன்றாகப் பிரித்தபோது வரிசையை மாற்றி, அளவை முதலில் முடித்துப் பத்திரத்தை அடுத்து எழுதியதில் இந்தச் சிக்கல் வரவில்லை.

புறப்படும் முன்பே இணையத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்பட நகல், வில்லங்கச் சான்று நான்கையும் எடுத்துத் தாய்ப்பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்திரம் ஏக்கர், சென்ட்டில் பேசும். பட்டா ஹெக்டேர், ஏர்ஸில் பேசும். 1 ஏர்ஸ் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். 2 ஏக்கர் என்று எழுதிய நிலம் பட்டாவில் 0.81.00 (0 ஹெக்டேர், 81 ஏர்ஸ்) என்று இருந்தால் சரி. 0.74 என்று இருந்தால் 17 சென்ட் எங்கோ போயிருக்கிறது. அநேகமாக 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் என்ற நில உடைமைப் பதிவேட்டுப் புதுப்பிப்பில் நேர்ந்த பிழையாக இருக்கும். அதைத் திருத்தாமல் பாகம் பிரிப்பது வீண்வேலை. திருத்த மனு கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகும். ஒரு லீவுக்குள் முடியாது.

அடுத்து அத்துக் காட்டுதல், அதாவது எஃப்-லைன் மனு. இ-சேவை மையத்தில் கட்டணம் கட்டினால் பக்கத்து வயல்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டு சர்வேயர் வந்து வெளி எல்லையை அளந்து காட்டுவார். வரப்பு எல்லையாகாது, கல்தான் எல்லை. கல் புதைந்து போயிருந்தால் புலப்பட அளவை வைத்துத் திரும்ப நடுவார்கள். வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவித் தள்ளிய பக்கத்து வயல் பெரியவர் அன்று கட்டாயம் இருப்பார், நீங்களும் இருங்கள்.

வெளி எல்லை உறுதியானதும் உள் கணக்கு. சண்டை வரும் இடம் இதுதான். 90 மீட்டருக்கு 90 மீட்டர் சதுர வயல் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 81 ஏர்ஸ், ஆளுக்கு 27 என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் ரோடு ஒரு பக்கம்தான், கிணறு ஒரு மூலையில்தான். பின்பங்குக்காரர் வண்டி எந்த வழியாகப் போகும்? ஓரமாக 3 மீட்டர் அகலத்தில் பாதை விட்டால் 2.70 ஏர்ஸ். கிணறு, மோட்டார் கொட்டகைக்கு 10 மீட்டர் சதுரம் என்றால் 1 ஏர்ஸ். மிச்சம் 77.30. இரண்டு பேருக்கு 25.77, ஒருவருக்கு 25.76. இந்தக் கடைசி எண்ணை அலட்சியமாக எல்லோருக்கும் 25.77 என்று எழுதினால் கூட்டுத்தொகை 81.01 ஆகிவிடும், கூட்டுத்தொகை மூல அளவோடு ஒத்துப்போக வேண்டும். பாதையையும் கிணற்றையும் தனி உட்பிரிவாக்கி (சர்வே எண்ணுக்குள் தனி எண் கொடுத்து) மூவர் பெயரிலும் பொதுவில் வைத்துவிடுவதே நல்லது. ‘வழிநடை பாத்தியம் உண்டு’ என்ற ஒற்றை வரியை மட்டும் நம்பினால் பிறகு முள்வேலி முளைக்கும். மோட்டார் மின் இணைப்பு யார் பெயரில், முறைத் தண்ணீர் எப்படி என்பதும் பத்திரத்திலேயே வரட்டும்.

‘சீர் செய்து கட்டிக்கொடுத்தாச்சு, தங்கச்சிக்கு எதுக்குப் பங்கு’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு செல்லாது. சகோதரிகள் பங்கு வாங்க வேண்டும், இல்லையென்றால் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும். அவர்கள் கையெழுத்து இல்லாத பாகப்பிரிவினையை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள்.

சிங்கப்பூரிலேயே முடிக்க வேண்டியவை சில உண்டு. வர முடியாதவர் அதிகாரப் பத்திரம் (பவர்) கொடுப்பதானால் நோட்டரி முன் கையெழுத்திட்டு சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தில் அப்போஸ்டில், அதாவது ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான சான்று, பெறலாம். 2021 செப்டம்பர் முதல் இந்த வழி இருக்கிறது. பத்திரம் இந்தியாவுக்குள் போன 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இதில்தான். அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள். அது 30 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. அப்பா சிங்கப்பூரில் காலமானவர் என்றால் கியூஆர் குறி போட்ட மின் இறப்புச் சான்றிதழின் அச்சுப் பிரதியை மட்டும் நீட்டாதீர்கள், முத்திரை எங்கே என்பார்கள். வாரிசுச் சான்றிதழ் மனுவுக்கு அதையும் அப்போஸ்டிலோடு கொண்டுபோங்கள்.

சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தவர்களுக்கு இன்னொரு கண்ணி. வாரிசாக வரும் விவசாய நிலத்தை அவர்கள் வைத்துக்கொள்ளலாம். விலைக்கோ தானமாகவோ வாங்க முடியாது. அண்ணன் பாசத்தில் தன் பங்கையும் உங்களுக்கே தானமாகச் செட்டில்மெண்ட் எழுதித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் அவருக்கு எழுதுவதில் தடையில்லை, அவர் இந்தியாவில் வசிக்கும் குடிமகனாக இருந்தால்.

பதிவு நாள் சுலபம்தான். டோக்கன், புகைப்படம், விரல்ரேகை, இரண்டு சாட்சி. குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை என்றால் முத்திரைத் தீர்வை 1%, பங்கு ஒன்றுக்கு வரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, வரம்பு 10,000. 2023 ஜூலைக்கு முன் இவை 25,000, 4,000 என்று இருந்தன. பழைய கணக்கைச் சொல்லும் உறவினர்களை நம்பிப் பணம் எடுத்துப் போகாதீர்கள். அளவோடு கூடிய வரைபடத்தை எல்லோரும் கையெழுத்திட்டுப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும். பங்குகளை வீட்டு மனைகளாகத் துண்டு போட்டு நடுவே ரோடு வரைந்திருந்தால் கதை வேறு: பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி அங்கீகாரமற்ற மனை பதிவாகாது, நகர் ஊரமைப்புத் துறை அனுமதி வேண்டும்.

பதிவின்போதே ‘உட்பிரிவு செய்ய வேண்டிய இனம்’ என்று குறித்து அதற்கான கட்டணத்தையும் கட்டிவிடுங்கள். கைபேசி எண்ணாக சிங்கப்பூர் எண்ணைத் தராதீர்கள், ஊரில் இருக்கும் மச்சான் எண்ணைத் தாருங்கள். சர்வேயர் வரும் தேதி அதில்தான் வரும். பதிவு அலுவலகத்தின் வேகத்தை வட்டாட்சியர் அலுவலகத்தில் எதிர்பார்க்க வேண்டாம், அளவர்கள் குறைவு, மனுக்கள் அதிகம். பொறுப்பான ஒருவர் ஊரில் இருந்து பின்தொடர்ந்தால் நீங்கள் திரும்பிவிடலாம்.

காலமும் முக்கியம். டிசம்பர் விடுமுறையில் வயலில் சம்பா நிற்கும், மழையும் இருக்கும். சங்கிலி இழுக்க முடியாது. ஜூன் விடுமுறையில் முதல் பாதிதான் வசதி, ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் அடுத்து குறுவைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடுவார்கள்.

புதுப் பட்டா வந்ததும் உட்பிரிவு எண்ணைப் பாருங்கள். 142/2 என்பது 142/2ஏ, 2பி, 2சி என்று பிரிந்திருக்கும், பாதையும் கிணறும் தனித்தனி எழுத்தில். தலைப்பெழுத்து, தகப்பனார் பெயர், ஏர்ஸ் அளவு மூன்றையும் புலப்பட நகலோடு சரிபார்த்து, தவறு இருந்தால் அப்போதே வட்டாட்சியருக்கு மனு போடச் சொல்லுங்கள். அங்கே தீராவிட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.